ஒரு கேக்கை எழுதிப் பார்த்த வருஷம்

கேக் வைத்திருந்த பெண் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தார். என் தோழிக்கு இடம் கிடைத்தது மூன்று வரிசை பின்னால், ஜன்னல் சரியாக மூடாத இடத்தில். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்கப்புறம் ஒரு வருஷம் என்னைப் பாடாய்ப் படுத்தியது இந்த இருக்கை விஷயம்தான். பக்கத்தில் இருந்தது நான். தள்ளி இருந்தது அவள். கதை அவளுக்குத்தான் வந்தது.

மஞ்சூர்ப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரி ஆபீஸில் எனக்கு வேலை. சிறு தோட்டக்காரர்கள் கொண்டுவரும் பச்சை இலையின் எடையைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். என் கணவர் அதே ஃபேக்டரிக்கு இலை வண்டி ஓட்டுகிறார். கதை எழுதும் பழக்கம் எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. ஏன் வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கையைச் சும்மா வைத்திருக்க முடியாத ஆள் நான். பூ கட்டினேன், ஸ்வெட்டர் பின்னினேன், கடைசியில் இதில் வந்து மாட்டிக்கொண்டேன்.

தோழி சேரம்பாடிக்காரி. இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவளுடைய அம்மா அரசுத் தோட்டத்தில் கொழுந்து பறித்துத்தான் அவளை நர்சிங் படிக்க வைத்தார். குன்னூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். அந்த ஊரில் மாதம் ஒருமுறை நடக்கும் வாசகர் கூட்டத்தில்தான் அவளைப் பார்த்தேன். ரிட்டயரான வாத்தியார்களும் பென்ஷன்காரர்களும் நிரம்பிய அந்தக் கூட்டத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் பெண்கள், அதுவும் எழுதுகிற பெண்கள். என்னைவிட வயதில் சின்னவள். அக்கா என்று கூப்பிடுவாள். நான் எழுதியதை அவளும் அவள் எழுதியதை நானும் படித்து, நன்றாக இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு சந்தோஷமாக இருந்த காலம் அது.

அன்றைக்கு ஆடி மாதத்துச் சனிக்கிழமை. கூட்டம் முடிந்து அவள் என்னோடு எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. குன்னூரில் பஸ் ஏறும்போதே காற்றும் மழையும் சாத்திக்கொண்டிருந்தன. எனக்கு முன்பாகவே அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. கரும்பச்சையில் அரக்கு பார்டர் போட்ட சேலை. அந்தக் குளிரிலும் ஸ்வெட்டரைப் போடாமல் மடித்துப் பைக்குள் வைத்திருந்தார். மடியில் நூல் கட்டிய வெள்ளை அட்டைப் பெட்டி. ஒவ்வொரு வளைவிலும் பெட்டியை இரண்டு கையாலும் மடியிலிருந்து லேசாகத் தூக்கி, பஸ் நேரானதும் திரும்ப வைப்பார்.

"கேக்குங்களாக்கா?" என்று கேட்டேன்.

"ஆமா கண்ணு. பேத்திக்குப் பொறந்தநாளு. மக ஊடு மஞ்சூரு தாண்டி."

"அடிக்கடி போவீங்களா?"

"எங்க போறது? ஸ்கூல்ல ஆயா வேலை. லீவு கெடைக்கோணுமில்ல."

அவ்வளவுதான் பேசினோம். பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிப்போய்ப் பார்த்துவிட்டு நனைந்து திரும்பி வந்தார்.

"பெரிய கற்பூர மரமுங்க, ரோட்டுக்குக் குறுக்கால சாஞ்சு கெடக்குது. ஃபயர் சர்வீஸ்காரங்க வந்து அறுத்தாத்தான் போக முடியும். எறங்கினா தூரமாப் போயிராதீங்க, கீழ தோட்டத்துல காட்டெருமை நிக்குது."

அந்த வளைவில் யாருடைய போனிலும் சிக்னல் இல்லை. முதலில் எல்லோரும் அலுத்துக்கொண்டார்கள். பிறகு பேசித் தீர்த்தார்கள். பிறகு பேச்சும் தீர்ந்து, மூடிய கண்ணாடிகளில் மூச்சு படிந்து பஸ் முழுக்க ஈர வாடை அடித்தது. பின்னால் ஒரு கைக்குழந்தை அழ ஆரம்பித்தது. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வந்த பள்ளிப் பெண்கள் பசிக்கிறது என்று முணுமுணுத்தார்கள்.

அப்போதுதான் அந்தப் பெண் பெட்டியின் நூலை அவிழ்த்தார்.

"ஏனுங்கக்கா, பேத்திக்கு வாங்கினது..." என்றேன்.

"இருக்கட்டும் கண்ணு. இத மடியில வெச்சுட்டு எத்தன நேரந்தான் உக்காந்திருக்கறது" என்று சொல்லிச் சிரித்தார்.

ஒரு பள்ளிப் பெண்ணிடம் ஸ்டீல் ஸ்கேல் வாங்கி, முந்தானையில் துடைத்து, கேக்கை வெட்டினார். பஸ் முழுக்கக் கைமாறிக் கைமாறிப் போனது. டிரைவருக்கும் கொடுத்தார். பள்ளிப் பெண்கள் குழந்தையின் பெயரைக் கேட்டு, பிறந்தநாள் பாட்டைக் கைதட்டிப் பாடினார்கள். அந்தப் பெண்ணும் கூடச் சேர்ந்து பாடினார். வெட்கப்பட்டுக்கொண்டே, ஆனால் கடைசிவரை பாடினார்.

இருட்டத் தொடங்கும்போது மரத்தை அறுத்து ஒதுக்கினார்கள். வழி கிடைத்ததும் எதிர்ப்பக்கம் காத்திருந்த பஸ்ஸை முதலில் விட்டார்கள். அது குன்னூர் போகிற பஸ். சட்டென்று அந்தப் பெண் எழுந்தார். காலிப் பெட்டியை என் கையில் கொடுத்து, "இதக் குப்பையில போட்டுரு கண்ணு" என்று சொல்லிவிட்டு, இறங்கி, மழையில் கையை உயர்த்திக்கொண்டே ஓடி, அந்தக் குன்னூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். எங்கள் பஸ்ஸில் யாருக்கும் எதுவும் புரியவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்தானே.

மறுநாள் காலை எங்கள் வீட்டு அடுப்படியில் தோழியும் நானும் இதையே பேசிக்கொண்டிருந்தோம். "அக்கா, நீங்களும் எழுதுங்க, நானும் எழுதுறேன். யாருது எப்படி வருதுன்னு பார்ப்போம்" என்றாள். விளையாட்டாகத்தான் ஒத்துக்கொண்டேன். ஆனால் மனதுக்குள் ஒரு கணக்கு இருந்தது. அவரோடு பேசியது நான். சேலையின் பார்டரைப் பார்த்தது நான். பெட்டிகூட என் வீட்டில்தான் இருந்தது.

மூன்று வாரம் எழுதினேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு வாழ்க்கையே அமைத்துக் கொடுத்தேன். வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டு போன மகள், வருஷக்கணக்காகப் பேச்சு இல்லை, மகளைப் பார்க்காமலே கண்ணை மூடிய அப்பா, மன்னிப்புக் கேட்கத் தயங்கும் அம்மா. கேக்கை வெட்டும்போது அவர் சிரித்த இடத்தில், 'அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு மலையளவு சோகம் மறைந்திருந்தது' என்று எழுதினேன். கடைசியில் குன்னூர் பஸ்ஸின் ஜன்னலில் தலையைச் சாய்த்து அழுகிறார். எழுதும்போது எனக்கே கண்ணீர் வந்தது. அதனால் நல்ல கதை என்று நம்பிவிட்டேன்.

இரண்டு பேரும் ஒரே பத்திரிகைக்குத்தான் அனுப்பினோம். எனக்கு ஆசிரியரிடமிருந்து சின்னதாக ஒரு பதில் வந்தது. 'காரணங்கள் நிறைய இருக்கின்றன, ஆள்தான் தெரியவில்லை. வேறு கதை இருந்தால் அனுப்புங்கள்.' அவளுடைய கதை அடுத்த இதழில் வந்தது.

ஆபீஸில் கரண்ட் போயிருந்த ஒரு மத்தியானம் அதைப் படித்தேன். மூன்று பக்கம்கூட இல்லை. பெட்டியின் நூலை அவிழ்ப்பதில் தொடங்கியது. கேக்கின் மேல் குழந்தையின் பெயர் சிவப்பு க்ரீமில் எழுதியிருந்ததாம். வெட்டி வெட்டிக் கொடுக்கும்போது பெயரின் ஓர் எழுத்து கண்டக்டருக்குப் போகிறது, ஒன்று பள்ளிப் பெண்ணுக்கு, ஒன்று கைக்குழந்தையின் வாய்க்குள். கடைசியில் பஸ்ஸில் இருந்த எல்லோரும் சேர்ந்தால்தான் அந்தக் குழந்தையின் பெயர் முழுசாக வரும். பிறகு அந்தப் பெண் இறங்கிப் போய்விடுகிறார். ஏன் என்று ஒரு வார்த்தை கிடையாது.

பத்திரிகையை மூடி வைத்தேன். என் துண்டிலும் சிவப்பாக ஏதோ இருந்தது. நான் அதைத் தின்றுவிட்டேன். முதல் துண்டு எனக்குத்தான் கொடுத்தார். பெட்டி என் முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தது. மூன்று வரிசை பின்னாலிருந்து அவள் பார்த்ததை நான் பார்க்கவில்லை.

அவளுக்குப் போன் செய்து நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். நிஜமாகவே நன்றாக இருந்தது. சொல்லி முடித்ததும் போனை வைத்துவிட்டு, கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்துத் திரும்பவும் கழுவினேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியாமல் போனது. அவள் கதையைப் பத்து முறை படித்திருப்பேன். ஒரு முறை முழுக்கக் கையால் பிரதி எடுத்துப் பார்த்தேன், வாக்கியம் எங்கே திரும்புகிறது என்று தெரிந்துகொள்ள. காரணம் சொல்லாமல் விடுவதுதான் சூட்சுமம் என்று முடிவுக்கு வந்தேன். என் கதையை எடுத்துக் காரணத்தையெல்லாம் வெட்டி எறிந்தேன். ஓடிப்போன மகளை வெட்டினேன், செத்துப்போன அப்பாவை வெட்டினேன். மிச்சம் இருந்தது ஒரு பஸ், ஒரு மரம், ஒரு கேக். யாரோ போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தது போல இருந்தது.

பிறகு கண்டக்டர் சொல்வது போல எழுதினேன். வீட்டில் காத்திருக்கும் பேத்தி சொல்வது போல எழுதினேன். கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, காட்டெருமை சொல்வது போலக்கூட ஒரு பக்கம் எழுதினேன். காலையில் ஃபேக்டரிக்குத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்கு வழியில் நடக்கும்போது அருமையான வரி ஒன்று வரும். ஆபீஸ் போய் உட்காருவதற்குள் அது ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். எடை ஏற்றிக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து போய் வாசலில் நிற்பேன். என்ன வேணும் என்று யாராவது கேட்டால் திரும்பி வந்து உட்காருவேன்.

பஸ்ஸில் போகும்போது யார் என்ன பேசினாலும் போனில் தட்டி வைக்கத் தொடங்கினேன். இனி எதையும் விடக் கூடாது என்று வெறி. ஒருநாள் எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி, தன் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, நான் பேசப் பேச என்னையப் பாத்துட்டே என்னத்தத் தட்டறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க, ஊட்டுக்கு மெசேஜ்."

"ஊட்டுக்கு எம் மருமகளப் பத்தி எதுக்குங்க மெசேஜு?"

பஸ்ஸே சிரித்தது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி மிச்ச தூரத்தை நடந்தே போனேன்.

கணவர் பொறுமைசாலி. ஆனால் அவருக்கும் ஒரு எல்லை உண்டு. சோற்றில் உப்பு போட மறந்த ஒரு மத்தியானம், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மிணி, அந்தக் கேக்கு இன்னுமா தீரல?"

"இல்லீங்க."

"வேற எதாச்சும் எழுதக் கூடாதா? நம்ம இலை வண்டிய எழுது. தெனமும் ஒரு கூத்து நடக்குது."

வேறு எதையும் எழுத முடியவில்லை. அது எனக்கே தெரிந்தது. வாசகர் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினேன். மாசக்கடைசி, ஆபீஸில் வேலை என்று தோழியிடம் சொன்னேன். கூட்டம் நடப்பது மாச நடுவில். அவள் அதைக் கேட்கவில்லை.

தை மாதம், உறைபனி கொட்டும் நாட்கள். பல் வலிக்கு டாக்டரைப் பார்க்கக் குன்னூர் போயிருந்தேன். ஒரு பக்கம் கன்னம் மரத்துப்போய் மார்க்கெட் வழியாக வந்துகொண்டிருந்தேன். யாரோ என் முழங்கையைத் தொட்டார்கள்.

"ஏனுங்க, அந்த மஞ்சூரு பஸ்ஸு அம்மிணிதான? டப்பாவ உங்ககிட்டத்தான குடுத்துட்டுப் போனேன்?"

அவர்தான். இப்போது ஸ்வெட்டர் போட்டிருந்தார். கையில் காய்கறிப் பை. இத்தனை மாதமாக மண்டைக்குள் அழுதுகொண்டிருந்த பெண் இப்படி முகமெல்லாம் சிரிப்பாக எதிரே வந்து நின்றிருந்தார். நான் பேசினால் மரத்த வாயில் பாதி வார்த்தை வழுக்கியது. பக்கத்து டீக்கடைக்குக் கூட்டிப் போனேன்.

டீ வருவதற்குள் கேட்டுவிட்டேன். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அன்னிக்கு ஏன் திரும்பிப் போயிட்டீங்க?"

"அதா..." என்று கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "சொன்னாச் சிரிப்பீங்க."

"இல்லீங்க்கா."

"எம் மகளக் குடுத்த எடம் பெரிய எடங்கண்ணு. நல்லவங்கதான், ஒரு சொல்லு சொல்ல மாட்டாங்க. ஆனா அந்த ஊட்டுக்குள்ள போனா எனக்கு எங்க உக்காரதுன்னே தெரியாது. சோபாவுல உக்காந்தா முதுகு சாயாது. அடுப்படிக்குப் போனா, நீங்க எதுக்குங்க இங்க வந்தீங்கன்னுவாங்க. அன்னிக்கு வேற நெறையப் பேரு வர்ற விசேஷம். போற வழியெல்லாம் சாமியக் கும்புட்டுட்டே வந்தேன்."

"அப்பறம்?"

"அப்பறமென்ன, மரம் உழுந்துருச்சு!" தொடையில் ஒரு தட்டு தட்டினார். "எனக்கு அப்பிடியே ஸ்கூலு லீவு உட்ட மாதிரி இருந்துச்சு கண்ணு. இனி நேரத்துக்குப் போக முடியாது. என்னைய யாரும் கேக்க முடியாது. மரத்த யாரு கேக்கறது? அந்தப் பஸ்ஸுக்குள்ள நான் எங்க உக்காந்திருந்தாலும் யாரு என்ன சொல்லப் போறாங்க? கேக்க வெட்டினேன். எல்லாரும் பாட்டுப் பாடுனீங்க. அந்த மாதிரி நான் சந்தோசமா இருந்து எத்தனையோ நாளாச்சு."

"மகளுக்கு என்ன சொன்னீங்க?"

"ரோடு அடைச்சிருச்சு, பஸ்ஸத் திருப்பிட்டாங்கன்னு சொன்னேன். பேத்திகிட்ட மட்டும் போன்ல நெசத்தச் சொல்லிட்டேன். ஒம் பேரச் சொல்லி ஒரு பஸ்ஸே பாட்டுப் பாடுச்சுன்னேன். அவ நம்பல."

டீ ஆறிப்போனது. நான் கதை எழுதுகிறவள் என்றும், இதை எழுதலாமா என்றும் கேட்டேன்.

"எம் மகளுக்குத் தெரியாம எழுதோணும். தெரிஞ்சா மனசு சங்கடப்படுவா. மத்தபடி எழுதிக்குங்க." எழுந்து பையை எடுத்தவர் திரும்பி, "அந்தச் சேலைய மட்டும் மாத்தீராதீங்க. அது நல்ல சேல" என்றார்.

அவர் போன பிறகு டீக்குக் காசு கொடுத்துவிட்டு மிச்சத்தை வாங்காமலே வெளியே வந்தேன். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தேன். அது வெறும் சிரிப்புதான். சந்தோஷத்தில் சிரித்த சிரிப்பு. அதை நான் நம்பவில்லை. ஒரு வயதான பெண், கேக், மழை, திரும்பிப் போவது என்றால் அது சோகமாகத்தான் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்து, அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எதையோ தேடிப்போய்விட்டேன்.

நேராகத் தோழியின் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளுக்கு ஷிஃப்ட் முடிகிற நேரம். கேன்டீனில் உட்கார வைத்து மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் சுருங்கியது.

"இப்ப இத எதுக்கு எங்கிட்ட ஓடிவந்து சொல்றீங்க?" என்றாள். "என் கதை பொய்ன்னு சொல்லவா?"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்?"

"சொல்லல. ஆனா முகத்துல தெரியுது. மாசக்கணக்கா நீங்க எங்கிட்ட சரியாப் பேசல. கூட்டத்துக்கு வரல. இன்னைக்கு இதச் சொல்ல மட்டும் பல்லு வலியோட வந்திருக்கீங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. "நீ காரணம் சொல்லாம விட்டது நல்ல உத்திதான். ஆனா காரணம் இருந்துச்சு. அது சோகமில்ல, சந்தோஷம். உன் கதையிலயும் அது இல்ல" என்றேன்.

"உத்தியா?" என்று கேட்டாள். குரல் இறங்கிவிட்டது. "அக்கா, அது உத்தி இல்ல. எனக்கு நிஜமாவே தெரியாது. அதனாலதான் எழுதல."

பிறகு சொன்னாள். நர்சிங் படித்த காலத்தில் ஹாஸ்டலில் ஒரு விழா. அவளுடைய அம்மா தோட்டத்தில் லீவு போட்டு, சேரம்பாடியிலிருந்து பஸ் மாறி மாறி, தொதல் கிண்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். தேங்காய்ப்பாலில் செய்கிற இனிப்பு அது, இலங்கையிலிருந்து அவர்கள் வீட்டோடு வந்தது. கேட் வரை வந்தவர், டப்பாவை வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். இவள் உள்ளேதான் இருந்தாள்.

"ஏன் உள்ள வரலன்னு நான் இன்னிக்கு வரைக்கும் கேக்கல. கேட்டா என்ன சொல்லுவாங்களோன்னு பயம். அந்தம்மா எறங்கி எதிர் பஸ்ஸுக்கு ஓடுனப்ப எனக்கு எங்கம்மாதான் தெரிஞ்சாங்க. நான் அந்தக் கேக்கம்மாவ எழுதவே இல்லக்கா."

மேசைமேல் இருந்த இரண்டு காபியிலும் ஆடை படிந்திருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கன்னம் மட்டும் மரப்பு விட்டு வலிக்க ஆரம்பித்திருந்தது. மன்னிச்சுக்கோ என்றேன். அவள் பதிலுக்கு என் கையைப் பிடித்து, பல் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்து, "இத வெறும் வயித்துல போடாதீங்க" என்றாள். எங்கள் சண்டை அப்படித்தான் முடிந்தது.

திரும்பிப் போகும் பஸ்ஸில் ஒன்றை நினைத்துக்கொண்டே போனேன். அவள் அந்தப் பஸ்ஸில் தன் அம்மாவைப் பார்த்தாள். நான் என்ன பார்த்தேன்? மரம் விழுந்த அந்த நேரத்தில் எனக்கு எப்படி இருந்தது? ஆறு மாதமாக அந்தப் பெண்ணின் மனதுக்குள் புகுந்து புகுந்து தேடிய நான், இதைக் கேட்டுக்கொண்டதே இல்லை.

கேட்டதும் ஞாபகம் வந்துவிட்டது. எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் கணவரின் அக்கா குடும்பம் வந்திருந்தது. போய் இறங்கியதும் அத்தனை பேருக்கும் சமைக்க வேண்டும், தோழியோடு இரண்டு வார்த்தை பேச முடியாது. கண்டக்டர் வந்து மரம் சாய்ந்து கிடக்கிறது என்றதும், மற்றவர்களைப் போல நானும் ச்சே என்றேன். ஆனால் உள்ளுக்குள், மெதுவாகவே அறுக்கட்டும் என்றுதான் இருந்தது. சிக்னல் வந்துவிடக் கூடாது என்று போனைப் பைக்குள் ஆழமாகத் தள்ளி வைத்தேன். ஆக, ஒரே இருக்கையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும் ஒரே காரணத்துக்காகச் சந்தோஷமாக இருந்திருக்கிறோம். ஒருத்தி கேக்கை வெட்டினாள். இன்னொருத்தி எதுவும் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் ஆபீஸுக்கு லீவு சொன்னேன். பழைய பக்கங்கள் எதையும் எடுக்கவில்லை. மகளுக்குத் தெரியக் கூடாது என்று அவர் கேட்டிருந்தாரே, அதனால் முதலில் வெளி விஷயங்களை மாற்றினேன். மகளைத் தங்கையாக்கினேன், பேத்தியின் பிறந்தநாளைப் புது வீட்டுக் கிரகப்பிரவேசமாக்கினேன், பஸ்ஸைக் கோத்தகிரி ரோட்டுக்குக் கொண்டுபோனேன். இங்கே சொல்லும்போதும் அவரைக் காட்டிக்கொடுக்கிற ஒன்றிரண்டு விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். மாற்ற மாற்ற ஓர் ஆச்சரியம் நடந்தது. உண்மையில் நடந்ததை விட்டு விலக விலக, அந்தப் பெண் எனக்குக் கிட்டே வந்தார். சோபாவில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருப்பதை நானே உட்கார்ந்து பார்த்து எழுதினேன். என் நாத்தனார் வீட்டில் நானும் அப்படித்தான் உட்காருவேன். கேக்கை வெட்டும் இடம் வந்தது. 'அவர் சிரித்தார்' என்று எழுதி, அங்கேயே முற்றுப்புள்ளி வைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்காமல் அடுத்த வாக்கியத்துக்குப் போவதற்கு எனக்கு ஒரு காலை முழுவதும் ஆனது. மூன்று முறை எழுந்து வெளியே போனேன். நான்காவது முறை போகவில்லை.

சேலையை மாற்றவில்லை.

அதே ஆசிரியருக்கே அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்துப் போனில் பேசினார். கதை பிடித்திருக்கிறது, கடைசிப் பத்தி தேவையா என்று பாருங்கள் என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பத்திதான் இருப்பதிலேயே அழகு என்று நினைத்திருந்தேன். ஒரு வாரம் அவரோடு மனதுக்குள் சண்டை போட்டேன். பிறகு தோழிக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். கடைசிப் பத்திக்கு முன்னால் அவள் "ம்" என்றாள், கதை முடிந்துவிட்டது என்று நினைத்து. நான் மேலே வாசித்ததும் "இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். அன்றைக்கே அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். அதில் நான், மகிழ்ச்சியைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கதை வந்தது. கணவர் ஃபேக்டரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங் மேல் பத்திரிகையை வைத்துப் படித்தார். "நல்லா இருக்குது. எங்க அக்கா ஊட்டு சோபாவாட்டவே இருக்குதே" என்றார். நான் இலை எடை பார்க்கப் போய்விட்டேன்.

இதோடு நிம்மதி வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஒரு வாரம் இருந்தது. தோழி இப்போது கூடலூருக்கு வேலை மாறிவிட்டாள். எழுதியதைப் போனில்தான் வாசித்துக் காட்டிக்கொள்கிறோம். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லும் பழக்கம் எங்களுக்குள் விட்டுப்போய்விட்டது. போன ஞாயிறு அவள் அனுப்பிய கதையில், நடுவில் வரும் ஆஸ்பத்திரிக் காட்சியை நான் நம்பவில்லை என்று சொன்னேன். பத்து வருஷமாக ஆஸ்பத்திரியிலேயே வேலை செய்கிறவளிடம் சொன்னேன். கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாள். சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டு, "நீங்க சொன்னது சரிதாங்க்கா. அந்த எடத்துல நான் நர்ஸ் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு எழுதிட்டேன்" என்றாள்.

நான் இப்போது, எங்கள் ஃபேக்டரிக்கு எடை மெஷின் சரிபார்க்க வரும் ஒரு ஆளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். கோயமுத்தூரிலிருந்து வருவார். யாரோடும் பேச மாட்டார், வேலை முடியும்வரை ஏதோ ஒரு ராகத்தை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். முதல் இரண்டு பக்கத்தைத் தோழிக்கு வாசித்தேன்.

"இவர ஏன் இவ்வளவு பாவமா எழுதுறீங்க?" என்று கேட்டாள்.

"பாவமாவா இருக்குது?"

"ரெண்டாவது வரியிலயே இவருக்குப் பொண்டாட்டி செத்துப்போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனுஷனின் மனைவி போன மாதம்தான் அவரோடு ஃபேக்டரிக்கு வந்து, வண்டிக்குள் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தார். இரண்டு பக்கத்தையும் எடுத்து ஓரமாக வைத்தேன். அடுத்த வாரம் அவர் மெஷின் பார்க்க வருகிறார். அதுவரை எப்படி இருப்பது என்று தெரியவில்லை. நேற்றிலிருந்து வீட்டில் இருக்கிற தலையணை உறையெல்லாம் துவைத்துவிட்டேன்.